எந்த ஈயம்

மீட்டரில் எல்லா இலக்கங்களும் பூஜ்யமாகி நின்றாலும் ஸ்ரீதேவி அதைப் பூஜ்யம் என்று சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு, “எட்டலைங்க” என்பார். அங்கே ஒன்றும் இல்லை என்று பொருள் அல்ல; இருப்பது இந்தக் கருவியின் கைக்கு எட்டவில்லை என்று பொருள். வீட்டில் அரிசி டப்பா காலியானாலும் இதே சொல்தான். “அரிசி எட்டலைங்க, வாங்கியாந்துருங்க” என்று கணவர் பிரபாகரிடம் சொல்வார். பிரபாகர் குமாரபாளையத்தில் துண்டும் லுங்கியும் மொத்த வியாபாரம் செய்பவர். “நானும் டப்பாவுக்குள்ள கைய உட்டுப் பாத்தேனுங்க டாக்டரம்மா, எனக்கும் எட்டலைங்க” என்று அவர் பதில் சொல்வார். இருபத்தைந்து வருடமாக இந்த வேடிக்கை பழசாகவில்லை.

ஸ்ரீதேவி வேலை பார்ப்பது சேலத்திலிருந்து சங்ககிரி போகும் சாலையோரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில். இயற்பியல் துறையின் தரைத்தளத்தில், மேற்கு வெயில் நேராக அடிக்கும் கடைசி அறை அவருடையது. அந்தக் கட்டடத்திலேயே மிகச் சூடான இடம் அதுதான். மிகக் குளிர்ந்த இடமும் அதற்குள்தான் இருக்கிறது. ஓர் எஃகு உருளை, அதற்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று. இடையில் இருக்கும் காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சிவிடுவார்கள். நடுவே, தாயக்கட்டை அளவுக்கு ஒரு செம்பு மேடை. அதன்மேல் ஒட்டிவைக்கும் பொருளை ஹீலியம் வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைக்கும். உள்ளிருந்து பிடுங்கிய சூட்டையெல்லாம் கம்ப்ரசர் அறைக்குள் கொட்டும். பங்குனியிலும் சித்திரையிலும் கணவர் கடையில் கரை கோணிப்போன ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் ஸ்ரீதேவி உட்கார்ந்திருப்பார்.

சூட்டுக்கு உச்சி கிடையாது. குளிருக்கு ஓர் அடிமட்டம் உண்டு. அதற்குக் கீழே இறங்க வழியில்லை. அந்த அடிமட்டத்திலிருந்து மேல்நோக்கி எண்ணிக்கொண்டு வந்தால், சேலத்து வெயில் முந்நூறு டிகிரிக்கும் மேலே நிற்கும். ஸ்ரீதேவியின் உருளை மூன்று டிகிரி வரை இறங்கும். அவ்வளவு தூரம் ஏன் இறங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரே பதிலை வைத்திருக்கிறார். “சந்தைக்குள்ள நின்னுக்கிட்டு யாரு யாருக்கு ஒறவுன்னு கண்டுபுடிக்க முடியுங்களா? சத்தம் அடங்கோணும், கூட்டம் கலையோணும். பொழுது சாஞ்ச பெறகு போயிப் பாத்தா, அப்பவும் ஒட்டிக்கிட்டு நிக்கிறவங்க ரெண்டு மூணு பேரு இருப்பாங்க. அவங்களப் பாக்கறதுதானுங்க என்ற வேல.” ராசிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உறவினர் ஒருவர், “உங்க காலேஜுப் பிரிட்ஜுல ஐசு கட்ட எத்தன நேரமாகுமுங்க?” என்று கேட்டார். “காத்தே கட்டியாப் போயிருமுங்க” என்று ஸ்ரீதேவி சொன்னார். உறவினர் அதை ஜம்பமென்று எடுத்துக்கொண்டு பாயசத்தைக் கவனிக்கத் தொடங்கினார். உண்மையில் அது வெறும் தகவல்.

அவர் தறிக் குடோனுக்குள் வளர்ந்தவர். அப்பாவின் விசைத்தறிகள் ஓடிய நீளக் கட்டடத்தின் ஒரு முனையில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் கத்திப் பேசுவதில்லை. உதட்டை அகலமாக அசைத்துச் சத்தமில்லாமல் பேசுவார்கள், மிச்சத்தைக் கை சொல்லும். ஆய்வகத்தில் பம்பும் கம்ப்ரசரும் சேர்ந்து இரையும்போது ஸ்ரீதேவி அப்படித்தான் பேசுகிறார். புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்கள் மேடம் தமக்குள் ஏதோ மந்திரம் சொல்வதாக நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். சில மாதங்களில் அவர்களுக்கும் உதடு படிக்க வந்துவிடும். ஒருத்தி, கல்யாணமாகிப் போன பிறகும் மாமியாரிடம் அப்படிப் பேசி அடி வாங்கப் பார்த்தாள் என்று ஒரு கதை துறையில் உண்டு.

தறி கொடுத்த இன்னொரு பழக்கமும் இருக்கிறது. கணினி வரைந்து கொடுக்கும் கோட்டுப்படத்தைத் தாளில் அச்சடித்து, ஜன்னலுக்கு எதிரே இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பார். அப்பா லுங்கியை வெளிச்சத்தில் பிடித்து இழை அறுந்த இடம் தேடிய அதே தோரணை. கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓரிடத்தில் விரலை வைத்து, “டேமேஜுங்க” என்பார். ஒயர் தளர்ந்திருக்கும், வெப்பமானி சரியாக ஒட்டாமல் இருக்கும், பக்கத்து அறையில் யாரோ வெல்டிங் வைத்திருப்பார்கள். மாணவர்கள் மறைவில் அவரை டேமேஜ் மேடம் என்பார்கள். அது அவருக்கும் தெரியும். பிரியாவிடை விழாவில் ஒரு பையன் வாய் தவறி மேடையிலேயே அந்தப் பெயரைச் சொன்னபோது, முதலில் கை தட்டியவர் அவர்தான்.

இந்தச் சந்தேகம் கூடவே பிறந்தது அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய வரைபடம் ஒன்றில் ஒரு சிறிய மேடு தெரிந்தது. அதுவரை யாரும் பார்க்காத மேடு. அவசர அவசரமாகக் கட்டுரை எழுதி முடித்த பிறகு, பொருளே இல்லாமல் வெறும் செம்பு மேடையைக் குளிரவைத்துப் பார்த்தார். மேடு அப்படியே இருந்தது. பொருளை ஒட்டவைத்த கிரீஸ் குளிரில் இறுகும் மேடு அது. “கிரீசுக்குப் பாராட்டு விழா எடுக்கலாமுங்களா?” என்று இன்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். அன்று கட்டுரையை அடுப்பில் போட்டார். அதற்குப் பிறகு நல்லது எது நடந்தாலும் முதலில் ஒயரைச் சோதிக்கும் ஆளாகிவிட்டார். இப்படி வருடங்கள் போயின. உடன் சேர்ந்தவர்கள் டீன் ஆனார்கள், துணைவேந்தர் தேர்வுக் குழுவில் உட்கார்ந்தார்கள். ஸ்ரீதேவி வெளியிட்ட கட்டுரைகளில் பெரும்பாலானவை, இன்ன பொருளில் எதிர்பார்த்த குணம் காணப்படவில்லை என்று முடிபவை. அவற்றில் ஒன்றைக்கூடப் பிறகு யாரும் பொய்யென்று காட்டவில்லை. யாரும் அவ்வளவு அக்கறையாகப் படிக்கவும் இல்லை.

போன வருடம் ஐப்பசியில் அவர் ஒரு சந்தோஷத்துக்கு இடம் கொடுத்தார்.

தமிழரசு அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவன். தம்மம்பட்டிப் பக்கம் மரவள்ளி வெள்ளாமை செய்யும் குடும்பம். பேச்சில் அடிக்கொரு ‘ங்க’ போடத் தெரியாதவன் என்று கொங்குப் பக்கத்து மாணவர்கள் அவனைக் கிண்டல் செய்வார்கள். உலையில் படிகம் விளைவிப்பது அவன் வேலை. பாகில் நூலைத் தொங்கவிட்டால் கற்கண்டு விளைகிறதல்லவா, அதுபோலத்தான். பாகுக்குப் பதில் உருகிய வெள்ளீயம். அதில் நிக்கலையும் இன்னும் இரண்டு தனிமங்களையும் கரைத்து, நாள்கணக்கில் மெல்ல ஆறவிட்டு, கடைசியில் வேகமாகச் சுழற்றி ஈயத்தை உதறிவிட்டால் படிகம் மட்டும் தங்கும். அந்த முறை தங்கியவை மீன் செதிள்போல் மெல்லிய, வெள்ளிநிறத் தகடுகள். அவற்றில் ஒன்றைக் குளிரவைத்தபோது, ஏழு டிகிரிக்கு வந்ததும் அதன் மின்தடை சரிந்தது. நடுவில் ஒரு சிறு திட்டில் தங்கி, மறுபடி சரிந்து, இல்லாமலே போனது. மின்சாரம் எந்தத் தடையும் இன்றி ஓடும் மீக்கடத்தி. அந்தக் கூட்டுப்பொருளில் அதற்குமுன் யாரும் காணாதது.

ஸ்ரீதேவி ஒயரை மாற்றினார். வெப்பமானியை மாற்றினார். வேறு தகட்டை வைத்தார். கிரீஸ் இல்லாமல் கட்டிவைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஏழில் சரிவு, நடுவில் திட்டு, மீண்டும் சரிவு. கார்த்திகை பிறந்த பிறகு ஒரு சாயங்காலம் தாளை ஜன்னலில் வெகுநேரம் விரித்துப் பிடித்திருந்தார். விரல் எந்த இடத்திலும் போய் நிற்கவில்லை. “எட்டலைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். ஆய்வக வாசலில் கழற்றிவிட்ட செருப்பைப் போட்டுக்கொள்ளாமலே சாலை வரைக்கும் நடந்து, சங்ககிரி பஸ்ஸில் ஏறி, வீட்டுக்குள் நுழையும்போதுதான் கவனித்தார். “செருப்பு எங்கீங்க?” என்று பிரபாகர் கேட்டார். “தடையே இல்லாம வந்துட்டேனுங்க” என்றார் ஸ்ரீதேவி. தன் வேலையைப் பற்றி வீட்டில் அவர் சொன்ன முதல் வேடிக்கை அதுவாகத்தான் இருக்கும்.

கட்டுரை மார்கழியில் ஓர் ஆய்விதழுக்குப் போனது. அதைக் கேள்விப்பட்டு ஜப்பானில் ஓர் ஆய்வகம் தமிழரசுவுக்கு வேலை தர முன்வந்தது. கட்டுரை ஏற்கப்பட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை; ஏற்கப்பட்டால் ஆனியில் கிளம்ப வேண்டும். அவன் அம்மா முத்தாயம்மாள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, பையன் கிளம்புமுன் வெட்டுவதாக மாரியம்மனுக்கு நேர்ந்து ஒரு கிடாயும் விட்டாள். ஸ்ரீதேவிக்கும் போன் போட்டாள். “அங்க ரொம்பக் குளுருமாமேம்மா. நீங்கதான் இத்தன வருசமா அவனக் குளுருக்குப் பழக்கி வுட்டிருக்கீங்களாம். நல்லா இருப்பீங்க.” பம்ப் அறையின் வெக்கையில் ஈரத் துண்டோடு உட்கார்ந்து ஸ்ரீதேவி அதைக் கேட்டுக்கொண்டார்.

ஆய்விதழுக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி. காரீயம் கலந்திருக்காதே? ஏனென்றால் காரீயமும் சுமாராக அதே ஏழு டிகிரியில்தான் தடையை இழக்கும். இந்தத் துறையில் உள்ளவர்களுக்கு அது பழக்கமான பொறி. துளி காரீயம் எங்கேயாவது ஒட்டியிருந்தால் புதிய கண்டுபிடிப்பு மாதிரியே வேஷம் கட்டும். ஸ்ரீதேவி நிதானமாகப் பதில் எழுதினார். எங்கள் அறைக்குள் காரீயம் வந்ததே கிடையாது, ஒயரைப் பற்றவைக்கக்கூட நாங்கள் அதைத் தொடுவதில்லை, படிகம் விளைந்தது உயர்தரத் தூய வெள்ளீயத்தில். அவருடைய பதில் என்பதால் கேட்டவர்கள் நம்பினார்கள். ஏற்புக் கடிதம் வர வேண்டியதுதான் பாக்கி.

பங்குனியில் ஒரு காலை, ஸ்டோர் கிளார்க் ரங்கன் அட்டைப் பெட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

“மேடமுங்க, உங்க ஈயம் வந்துருச்சுங்க. கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க. டெண்டரு போயி, திரும்பி வந்து, மறுக்காப் போயி, புள்ளத்தாச்சி மாதிரி பத்து மாசமாக்கிப் போட்டானுங்க.”

ஸ்ரீதேவி சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். “இது ரெண்டாவது புள்ளைங்களா ரங்கன்? ஆடியிலயே ஒண்ணு வந்துச்சேங்க.”

“ஆடியில ஏதுங்க? இதுதானுங்க தலச்சன். வந்திருந்தா என்ற கைக்கு வராம உங்க கைக்கு எப்புடிங்க வரும்?”

பேனா தாளைத் தொடவில்லை. ரங்கன், “மை இல்லீங்களா?” என்று தன் பேனாவை நீட்டினார். ஸ்ரீதேவி அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு பெட்டியைப் பிரித்தார். தூய்மை எத்தனை என்று அச்சிட்ட சான்றிதழோடு, கண்ணாடித்தாளில் பொதிந்த வெள்ளீயக் குண்டுமணிகள். ஆடியிலிருந்து உலை ஓயாமல் எரிந்திருக்கிறது. எதை உருக்கி?

தமிழரசு உலையருகே குழாய் அறுத்துக்கொண்டிருந்தான். ஸ்ரீதேவி வாசலில் நின்று கையால் அமர்த்திக் காட்ட, பம்பை நிறுத்தினான்.

“ஆடியில, ஈயம் வாங்கியாச்சான்னு உன்னக் கேட்டேனே சாமி.”

“ஆமா மேடம். வாங்கியாச்சுன்னு சொன்னேனே.”

“எங்க வாங்குன?”

“செவ்வாப்பேட்டையில மேடம். ஸ்டோர்ல இழுத்துக்கிட்டே இருந்தாங்க. பர்னஸ் சும்மா கெடக்குதேன்னு நானே போயி வாங்கிட்டு வந்தேன். உலோகக் கட்டியெல்லாம் விக்கிற கடை.”

“என்ன வேணுமுன்னு கேட்ட?”

“ஈயம்னுதான்.”

“எந்த ஈயம்?”

தமிழரசு கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தான். “பாத்திரத்துக்குப் பூசற ஈயம் மேடம். அது வெள்ளீயந்தானே? அசலான்னு கேட்டேன். அசல் ஈயந்தான் தம்பின்னாரு.”

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ரசம் வைக்கும் சொம்பும் ஈயம். மீன்வலையின் அடியில் கட்டும் குண்டும் ஈயம். ஒன்று வெள்ளை, மற்றது கருப்பு என்பது எழுத்தில்தான் இருக்கிறது. வாயில் வரும்போது நிறம் உதிர்ந்துவிடும். பூசுகிற கட்டியில் இரண்டையும் கலந்து உருக்குவதும் உண்டு. பூசுகிறவருக்கு அதனால் வேலை எளிது. தமிழரசுவும் பொய் சொல்லவில்லை. வாங்கியாச்சு என்றால் அவனுக்குக் கடையில் வாங்கியது. ஸ்ரீதேவிக்குத் துறை வாங்கியது. தேர்வு மேற்பார்வைக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில், வராந்தாவில் நடந்தபடி அவர் கேட்டார், அவன் சொன்னான். இரண்டு பேரும் சரியான தமிழில்தான் பேசியிருந்தார்கள்.

மிச்சக் கட்டி இழுப்பறையில் இருந்தது. செய்தித்தாளில் சுற்றி, மேலே வெள்ளீயத்தின் குறியீட்டை அவனே அழகாக எழுதியிருந்தான். சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு நீளத் துண்டு. தூய வெள்ளீயத்தை வளைத்தால் உள்ளே பல் நறநறப்பதுபோல் ஒரு சத்தம் வரும். காரீயம் கலந்தால் ஊமையாகிவிடும். ஸ்ரீதேவி அதைக் காதருகே வைத்து மெல்ல வளைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தறி தின்ற காது அது. அதை அவர் எதற்கும் சாட்சியாகக் கூப்பிடுவதில்லை.

“உன்ற காதுல வெச்சுப் பாரு.”

தமிழரசு வளைத்தான். திருப்பி வளைத்தான். “வெளியில லாரி போவுது மேடம். சரியா கேக்கல” என்றான். சாலை அப்போது காலியாக இருந்தது.

“சரி. இதவே குளுர வெச்சுப் பாத்துரலாம்” என்றார் ஸ்ரீதேவி.

அதற்குப் பிறகுதான் அவன் பேச ஆரம்பித்தான். கட்டியில் காரீயம் இருந்தால் படிகத்துக்குள்ளும் இருந்தே தீர வேண்டும் என்று என்ன கட்டாயம்? மேற்பரப்பை அமிலத்தில் கழுவினோமே? எக்ஸ்ரே படத்தில் அழுக்கு எதுவும் தெரியவில்லையே? ஸ்ரீதேவி மேசைமேல் ஓர் இரும்புத் துண்டை வைத்து, கட்டியிலிருந்து வெட்டிய சிறு சீவலைச் சுத்தியலால் தகடாகத் தட்டிக்கொண்டே கேட்டார். படிகம் விளையும்போது பாகைக் கொஞ்சம் உள்ளே பொதிந்துகொள்ளும், அமிலம் அங்கே போகாது, அவ்வளவு கொஞ்சம் எக்ஸ்ரேயில் தெரியாது. இந்த மூன்று பதில்களும் அவனுக்கே தெரிந்தவை.

“பேப்பர் வெளிய வந்துடட்டும் மேடம். தப்புன்னா வேற யாராச்சும் செஞ்சு பாத்து எழுதுவாங்கல்ல?”

“எழுதுவாங்க. நீ ஜப்பான்ல போயி ஒக்காந்த பெறகு எழுதுவாங்க. அப்ப அந்தச் சீட்டுல எப்புடி ஒக்காருவ?”

“அம்மா கெடா வுட்டிருக்காங்க மேடம்.”

“அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆயுசு கெட்டின்னு நெனச்சுக்க.”

அவன் சிரிக்கவில்லை. சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தணிந்த குரலில் சொன்னான். “உங்களுக்கு நல்லா வந்தாவே புடிக்காது மேடம். எல்லாரும் சொல்றது சரிதான். டேமேஜ் இருக்காதான்னு தேடிக்கிட்டேதான் இருப்பீங்க.”

சுத்தியல் நின்றது. “ஆமாஞ் சாமி” என்றார் ஸ்ரீதேவி. தகட்டைத் திருப்பிப் போட்டு, மறுபக்கம் தட்டத் தொடங்கினார்.

அவன் சொன்னதில் பாதி தவறு. அதை அவனிடம் சொல்ல அவருக்கு வரவில்லை. கார்த்திகையிலிருந்து அவர் எந்தத் தாளையும் ஜன்னலில் பிடித்துப் பார்க்கவில்லை. ஆடி மாதத்து ஈயத்தின் சான்றிதழ் எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மற்ற எந்தப் பொருளாக இருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். இத்தனை வருடத்தில் ஒருமுறை தேடாமல் இருந்துவிட்டோம் என்ற நினைப்பில், தகட்டுக்கு ஒட்ட வேண்டிய நான்கு ஒயர்களை இடம் மாற்றி ஒட்டிவிட்டார். ஒட்டியதைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையிலேயே குளிர்விக்க ஆரம்பித்தார்கள். அறை இரையத் தொடங்கியது. முந்நூறிலிருந்து இறங்குவதற்குப் பாதிப் பகல் வேண்டும். அதுவரை செய்வதற்கு ஒன்றும் கிடையாது. திரையில் ஒரு கோடு வலமிருந்து இடமாக ஊர்ந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். தமிழரசு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். விடுதியில் காலைச் சாப்பாட்டுக்குப் போகவில்லை என்பது அவனுடைய காய்ந்த உதட்டிலேயே தெரிந்தது. நேற்றுச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் ஒருமுறை ஏதோ உதட்டை அசைத்தான். ஸ்ரீதேவி கையை வீசி, விடு என்றார். மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டியபோது இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள். போய்விட்டால் தேவலை என்று இருவருக்கும் தோன்றியிருக்கலாம். போகவில்லை.

ஸ்ரீதேவி இத்தனை காலமும் ஒரு கோடு விழ வேண்டும் என்றுதான் இந்தத் திரைமுன் உட்கார்ந்திருக்கிறார். விழக்கூடாது என்று உட்கார்ந்தது இல்லை. ஏழைத் தாண்டி இந்தக் கோடு நேராகவே போகட்டும். கட்டி சுத்தம், கடைக்காரர் யோக்கியர், படிகம் நிஜம், பையன் ஆனியில் கிளம்பட்டும். இவ்வளவையும் ஒரே மூச்சில் நினைத்துவிட்டு, நினைத்ததற்காக வெட்கப்பட்டு, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

மதியம் தாண்டி, பன்னிரண்டு டிகிரி இருக்கும்போது தமிழரசுவின் போன் மேசைமேல் அதிர்ந்தது. அம்மா. அவன் எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஜன்னல் வழியே பார்த்தால் புங்கமர நிழலில் அவன் நடந்து நடந்து பேசுவது தெரிந்தது. நிழலின் ஓரம் வரை போய், வெயிலைத் தொட்டதும் திரும்பினான். தூரத்திலிருந்தும் ஸ்ரீதேவிக்கு உதடு தெரியும். அதனால் பார்வையை எடுத்துக்கொண்டார்.

பத்து. ஒன்பது. கோடு நேராகத்தான் இருந்தது. எட்டு. நேராக. ஸ்ரீதேவி கழுத்துத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஏழரை. நேராக.

ஏழில் கோடு தலையைக் கவிழ்த்தது. சரிந்தது. நடுவில் ஒரு சிறு திட்டில் தங்கியது. மறுபடி சரிந்தது.

அவர் ஐப்பசியில் எடுத்த கோட்டைத் திரையில் வரவழைத்து இதன்மேல் பொருத்தினார். இரண்டு கோடுகள் அங்கே இருக்கின்றன என்று தெரியாத அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. திட்டும்கூட அதே இடத்தில். யாருக்கும் கிடைக்காத குணம் என்று கட்டுரையில் ஒரு பத்தி முழுக்க எழுதிய திட்டு அது.

கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது. தமிழரசு போனைச் சட்டைப் பையில் போட்டபடி வந்தான். “கம்பளி ரெண்டு எடுத்து வெச்சிருக்காங்களாம் மேடம், ஆத்தூர் போயி” என்று இரைச்சலுக்கு மேலே சொன்னான். பிறகு, “ஏழு தாண்டிடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே திரையை நோக்கி வந்தான்.

ஸ்ரீதேவி திரும்பவில்லை. வலது கையை எடுத்து, கோடு விழுந்த இடத்தின்மேல் உள்ளங்கையைப் பதித்து மூடினார்.

“மொதல்ல போயி சாப்புட்டுட்டு வா சாமி” என்றார். அவன் அங்கேயே நின்றான். அவர் கையை எடுக்கவில்லை.